யாரும் மிதிக்காத பனியில் எடுத்த தண்ணீர்

அன்புள்ள அத்தான்,

எழுதிவிட்டேன், பாருங்கள். பதினொரு வருடமாக என் வாயில் வராத சொல். கூடப்பிறந்த அக்காவின் புருசனை நான் என்னவென்று கூப்பிட்டேன்? "இஞ்சை பாருங்கோ" என்றேன். "கேக்குதோ" என்றேன். போனில் வெறும் ஹலோவோடு நிறுத்தினேன். கடையில் யாராவது உங்களைப் பற்றி விசாரித்தால், "ஓ, வசந்தியக்கான்ரை ஆள்" என்று சொல்லித் தப்பினேன். நீங்களோ முதல் நாளிலிருந்தே என்னை மச்சான் என்றீர்கள். எட்டு வயது இளையவனான என்னோடு நீர், வாரும், இரும் என்று மரியாதை குறையாமல் கதைத்தீர்கள். அந்த மரியாதை எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். லண்டனில், உங்கள் பிளேஸ்டோவிலேயே யாரோ ஒருவரின் குளியலறையில் முழங்காலில் நின்று குழாய் பூட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடைத்ததாம். அம்புலன்ஸ் வருமுன்னர் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு சாகிற வயதா, அத்தான்? முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அக்கா நினைவு மலர் அச்சடிக்கிறார். அதில் போடுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வருகிற சனம் எல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கையில் கொண்டுபோய் வாசிக்கும். வாசிக்கட்டும்.

உங்களுக்குத் தெரியாதது இதில் அதிகம் இருக்காது. உங்களுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

உங்களைக் கட்டப்போகிறேன் என்று அக்கா சொன்ன நாளில் எங்கள் குட்மேய்ஸ் வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அவை ஆர் ஆக்கள்?" அக்கா சொன்னார். ஒரே ஊர் என்பதால் அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை, அவ்வளவு நாகரிகம். "அவை எங்கடை ஆக்கள் இல்லை" என்பதோடு கதை முடிந்துவிடும். நீங்கள் பதிவுத் திருமணம் செய்த அன்று அம்மாவுக்குத் தலையிடி. எனக்கு ஷிப்ட். உண்மையில் அன்று எனக்கு லீவு, அத்தான். கட்டிலில் படுத்திருந்து கிரிக்கெட் பார்த்தேன்.

அடுத்த வருடம் தை மாதம் எங்கள் வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் நின்றுபோனது. கூப்பிட்ட ஆட்கள் எல்லாம் வாற கிழமை, வாற கிழமை என்றார்கள். மூன்றாம் நாள் அம்மா போர்வைக்குள் இருந்தபடியே, "வசந்தியின்ரை ஆளைக் கூப்பிடு. அவருக்கு இந்த வேலை தெரியும்தானே" என்றார். குளிர் எலும்பைத் தொட்டவுடன் கொள்கை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. நீங்கள் அரை மணித்தியாலத்தில் வந்துநின்றீர்கள். பொயிலரைக் கழற்றிப் பூட்டிச் சூடு வரவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "மாமி, கொஞ்சம் தண்ணி தாறீங்களோ?" என்று கேட்டீர்கள். அம்மா என்னைப் பார்த்தார். நான் அலுமாரியைத் திறந்து ஒரு கடதாசிக் கப்பை எடுத்து, அதில் தண்ணீர் பிடித்துத் தந்தேன்.

நாங்கள் குடிக்கிற சில்வர் தம்ளர்கள் சிங்க் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. நீங்கள் அவற்றைப் பார்த்தீர்கள். கையிலிருந்த கப்பைப் பார்த்தீர்கள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கப்பைக் கசக்கி நீங்களே குப்பைக் கூடையில் போட்டீர்கள். எங்களுக்கு அந்த வேலையைக்கூட வைக்கவில்லை.

அந்தக் கப்புகளை வாங்கிவந்தது அம்மா இல்லை, நான். வேலை செய்கிற கேஷ் அண்ட் கேரி மொத்தக் கடையிலிருந்து ஒரு கட்டைத் தூக்கிவந்து, "ஆக்கள் வந்தால் வசதி, கழுவத் தேவையில்லை" என்று நானே சொல்லி அலுமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்கள் வந்துபோனார்கள். உங்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கட்டிலிருந்து ஒரு கப் எடுத்ததில்லை. அம்மாவுக்காவது பழைய காலத்து மனுசி என்று ஒரு சாட்டு இருக்கிறது. ஏழு வயதில் இந்த நாட்டுக்கு வந்து, இங்கேயே படித்து வளர்ந்த எனக்கு என்ன சாட்டு?

அக்காவைப் பார்க்க மாதம் ஒருமுறை பிளேஸ்டோவுக்கு, உங்கள் வீட்டுக்கு வருவேன். கதவைத் திறந்ததும், "வாரும் மச்சான், என்ன குடிக்கிறீர்?" என்பீர்கள். சப்பாத்தைக் கழற்ற முதலே நான் சொல்லுவேன்: "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்." பதினொரு வருடமும் இதே பதில். அத்தனை முறை வந்தும் எனக்கு ஒருநாள்கூடத் தாகம் எடுக்கவில்லை, அதிசயமான உடம்பு! ஒருநாள் நீங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து உடைக்காத கோலா டின் ஒன்றை எடுத்து நீட்டினீர்கள். "இது கம்பனியிலை அடைச்சது மச்சான். இதுக்கு ஒண்டும் இல்லைத்தானே?" குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டீர்கள். நான் வாங்கிக் குடித்தேன். அன்றிலிருந்து உங்கள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் எனக்கென்று டின்கள் இருந்தன. என்னை ஏன் ஒருநாளாவது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை, அத்தான்?

பிறகுதான் நீங்கள் தென்துருவத்துக்குப் போனீர்கள். ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்குக் குழாய் வேலைக்காரர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து மனுப் போட்டு, மருத்துவச் சோதனை எல்லாம் தாண்டி, ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தீர்கள். கேள்விப்பட்டதும் அம்மா சிரித்தார். "ஐஸுக்குள்ளை இவருக்கு என்ன குழாய் வேலை?" எனக்கும் விளங்கவில்லை. அங்கே தண்ணீர் கட்டிகட்டியாகக் கிடக்கிறதுதானே, உடைத்து வாயில் போடவேண்டியதுதானே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டிலிருந்து வீடியோவில் கதைத்தபோது நீங்கள்தான் விளங்கப்படுத்தினீர்கள். "சுத்திவரப் பனி மச்சான், குடிக்கத் தண்ணி இல்லை. நம்புறீரோ? ஒரு வாளி பனி போட்டால் அரைவாளி தண்ணி வராது. அதுவும் சும்மா உருகாது. நெருப்பைத் திண்டுதான் உருகும்." நிலையத்துக்குப் பக்கத்தில் பனிக்குள் புதைத்த பெரிய தொட்டி ஒன்று இருந்தது. மேலே மூடி. மின்சாரம் எடுக்கிற எஞ்சின்களின் சூட்டைக் குழாய்வழியே கொண்டுபோய்த் தொட்டியைச் சுடவைப்பதும், உருகியதை வடிகட்டி உள்ளே ஏற்றுவதும், குழாய் உறைந்துபோகாமல் காவல் இருப்பதும் உங்கள் வேலை. பனியை வெட்டித் தொட்டிக்குள் போடுவது எல்லோருடைய வேலை.

"எல்லாரும் எண்டால்?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான். பொறுப்பாயிருக்கிற பெரியவர், டொக்டர், சமைக்கிறவன், பெரிய படிப்புப் படிச்ச ஆக்கள், நான். சுவரிலை பேர் எழுதி ஒட்டியிருக்கு. நாலு பேராய்ப் பனி அள்ளுற சவளோடை போய் வெட்டி நிரப்போணும். காத்து அடிச்சாலும் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு போகோணும். இஞ்சை வெட்டாமல் குடிக்கிறவன் எண்டு ஒருத்தனும் இல்லை."

காற்று வருகிற பக்கத்தில் கொடி நட்டு ஓர் எல்லை போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் சும்மா நடக்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது. அது குடிக்கிற பனி. அதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். "இஞ்சையும் ஒரு கோடு இருக்கு, தாண்டக் கூடாது. ஆனால் இது எல்லாருக்கும் ஒரே கோடு, மச்சான்." சிக்னல் சரியில்லை என்பதுபோல நான் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ருசி எப்படி என்று அக்கா கேட்டார். "ருசியே இல்லை, வசந்தி. உப்பில்லை, சுண்ணாம்பில்லை, சப்பெண்டு கிடக்கும். லண்டன் தண்ணியிலை தேத்தண்ணி போட்டால் மேலை ஆடை கட்டும், கேத்திலுக்குள்ளை சுண்ணாம்பு பிடிக்கும். எங்கடை ஊர்க் கிணத்துத் தண்ணியும் அப்பிடித்தானே? இதிலை ஒண்டும் இல்லை. நாங்கள் புளிப்புக்குத் தேசிக்காய்த் தூள் கலந்துதான் குடிக்கிறம்." நான் இதைக் காதில் வாங்கவே இல்லை. வாங்கியிருந்தால் பின்னால் கொஞ்சம் நல்ல பொய்யாகவாவது சொல்லியிருப்பேன்.

ஒரு ஞாயிறு உங்கள் முகம் களைத்துக் கிடந்தது. எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் கிடந்த சவளை யாரோ தெரியாமல் கொண்டுவந்து பனி வெட்டியிருக்கிறார்கள். அடுத்தநாள் கோப்பியில் டீசல் மணம். முழுத் தொட்டியையும் இறைத்து ஊற்றி, கழுவி, முதலிலிருந்து நிரப்பவேண்டியதாயிற்று. இரண்டு நாளாக எல்லோரும் மாறிமாறி வெட்டினீர்களாம். குளிப்பு இல்லை, உடுப்புத் தோய்க்கிறது இல்லை.

"ஆர் அந்த வேலை பாத்தது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை. வெட்டி முடிக்கோணும், அவ்வளவுதான்." பிறகு சொன்னீர்கள்: "என்ரை சீவியத்திலை குடிக்கிற தண்ணியை இறைச்சு ஊத்தினதை ரெண்டு தரம் பாத்திட்டன் மச்சான். இந்தத் தரம் உண்மையாவே ஊத்தை இருந்தது."

முதல் தரம் எது என்று நான் கேட்கவில்லை. ஏதோ குழாய் வேலைக் கதை என்று விட்டுவிட்டேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

திரும்பிவந்த கிழமையே குட்மேய்ஸுக்கு வந்தீர்கள், கையில் ஒரு சின்னப் போத்தலோடு. "மாமி, இது அங்கத்தைத் தண்ணி. ஆரும் மிதிக்காத பனியிலை எடுத்தது. என்ரை கைகூடப் படேல்லை, குழாயிலை நேரே பிடிச்சு மூடினது. உங்களுக்கெண்டு கொண்டுவந்தனான்." என்ரை கைகூடப் படேல்லை. எங்கள் அம்மா ஒரு மிடறு குடிப்பதற்காக உங்கள் கையை நீங்களே தள்ளிவைத்துச் சொன்ன வசனம் அது. நினைக்க நினைக்க எனக்கு வாய் கசக்கிறது.

அம்மா வாங்கி மேசையில் வைத்தார். உங்கள் வான் வண்டி தெருமுனை திரும்பவில்லை, போத்தல் சிங்க்கில் கவிழ்ந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கையை நீட்டியிருந்தால் பிடித்திருக்கலாம். "வீண் சோலி" என்றார் அம்மா. நான் வெறும் போத்தலைக் கழுவி, கவுன்சில் தந்த ரீசைக்கிளிங் பெட்டிக்குள் ஒழுங்காகப் போட்டேன்.

அடுத்தமுறை உங்கள் வீட்டுக்கு வந்தபோது கேட்டீர்கள். "மாமி தண்ணியைக் குடிச்சுப் பாத்தவவோ?"

"ஓம், குடிச்சவ."

"எப்பிடியாம்?"

"நல்ல இனிப்பாம். இளநி மாதிரி எண்டு சொன்னவ."

நீங்கள் என்னை ஒரு கணம் பார்த்தீர்கள். "ஓ, அப்பிடியோ? சந்தோசம்" என்றீர்கள். பிறகு குனிந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்து எனக்கு டின் எடுத்துத் தந்தீர்கள். ருசியே இல்லாத தண்ணீரில் இளநீரைக் கண்டுபிடித்த மடையன் நான். அந்த டின்னை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

உங்கள் மரண அறிவித்தலைக் கடையில் நின்று போனில் பார்த்தேன். இன்னாரின் மகன், இன்னாரின் சகோதரன், வசந்தியின் அன்புக் கணவர். மருமகன் என்ற வரி இல்லை. மைத்துனர் என்ற வரி இல்லை. என் பெயர் எங்குமே இல்லை. கோபம் வந்தது, அத்தான். வெட்கம் கெட்ட கோபம். செத்தவீட்டில் வரிசையில் நின்று உங்களுக்கு வாய்க்கரிசி போட்டேன். இருக்கும்போது உங்கள் கையால் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடிக்காதவன், உங்கள் வாயில் அரிசி போட்டேன்.

துருவத்தில் உங்களோடு இருந்த டொக்டரும் வந்திருந்தார். நெட்டையான வெள்ளைக்காரர். அழுது அழுது மூக்குச் சிவந்திருந்தது. நான் யார் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: பனி வெட்டிவிட்டு உள்ளே வருகிற நாலு பேருக்கும் முதல் கிளாஸ் தண்ணீரை நீங்கள்தான் உங்கள் கையால் தருவீர்களாம். அவர்கள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பீர்களாம். "அவருக்கு அதில் ஏன் அவ்வளவு சந்தோசம் என்று எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை" என்றார். எனக்கு விளங்கியது.

போன ஞாயிறு அக்காவிடம் போனேன். நினைவு மலரிலாவது என் பெயரைப் போடச் சொல்லிக் கேட்க. மேசை முழுக்க உங்கள் படங்கள். தடித்த கோட்டோடு, சவளைப் பிடித்தபடி தொட்டி மூடிக்குப் பக்கத்தில் நிற்கிற படத்தைத்தான் அட்டைக்கு எடுத்து வைத்திருந்தார். எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. பதினொரு வருடத்தில் முதல்முறையாக நானாகக் கேட்டேன்: "அக்கா, கொஞ்சம் தண்ணி தாங்கோ."

அக்கா தலை நிமிரவில்லை. "உனக்கு இஞ்சை தண்ணி இல்லை."

எழும்பிப்போய் ஒரு கோலா டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் டக்கென்று வைத்தார். "இந்தா, அவர் உனக்கெண்டு வாங்கி வைச்சது. இன்னும் நாலு கிடக்கு. எல்லாத்தையும் குடிச்சு முடிச்சிட்டுப் போ."

"அக்கா, அம்மாதான்..."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்காதை! இளநியாம், இளநி! நீ போனாப்பிறகு மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சவர். பேந்து அண்டைக்கு முழுக்கக் கதைக்கேல்லை." பிறகு கேட்டார். "அவர் முதல் தரம் பாத்தது எந்தத் தண்ணியை எண்டு உனக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"எங்கடை கிணறு."

பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத்தால் வருகிற வழியில், தாகம் தாங்காமல், யாரும் இல்லை என்று நினைத்து எங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்தீர்களாம். அப்பா கண்டுவிட்டார். அடிக்கவில்லையாம். உங்களை வேலிக்கு வெளியே நிறுத்தி, பார்த்துக்கொண்டு நில் என்று சொல்லி, மிசின் பூட்டி முழுக் கிணற்றையும் இறைத்திருக்கிறார். அக்கா வீட்டுக்குள் நின்று பார்த்தாராம். லண்டனில் உங்களைச் சந்தித்தபோது, அந்தப் பெடியன் நீங்கள்தானோ என்று அக்காதான் முதலில் கேட்டாராம். ஓம் என்றுவிட்டு, வேறு கதைக்குப் போய்விட்டீர்களாம்.

அத்தான், எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. அதுதான் பெரிய கொடுமை. எனக்கு நாலு வயது, காரணம் ஒன்றும் தெரியாது. மிசின் சத்தம், வாய்க்கால் நிறையத் தண்ணீர். வாழைக்குப் பாய்ந்த அந்தத் தண்ணீரில் உடுப்பில்லாமல் துள்ளித் துள்ளி விளையாடினேன். சின்ன வயதுச் சந்தோசம் எது என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். உங்களுக்கு முன்னாலும் ஒருமுறை சொன்னேன், இல்லையா? அக்காவின் பிறந்தநாளில். கடைக் கேக் என்றபடியால் அன்று நானும் சாப்பிட்டேன். "ஒருக்கா எங்கடை கிணத்தை முழுக்க இறைச்சவை, அப்பிடி ஒரு விளையாட்டு!" நீங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தீர்கள். வேலிக்கு வெளியே நின்ற உங்களுக்கு, வாய்க்காலில் துள்ளிய என்னைத் தெரிந்ததா?

"மலரிலை உன்ரை பேர் வரோணும் எண்டால் இதை எழுது" என்றார் அக்கா. "ஒரு வரி பொய் இருந்தாலும் கிழிச்சுப்போடுவன். எழுதிப்போட்டு வா, தண்ணி தாறன்."

இதுவரை எழுதியதைச் சற்றுமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா கிணறு இறைத்த இடம் வந்ததும், "அது கொப்பர் செய்தது. செத்த மனுசனை ஏன் இழுக்கிறாய்?" என்றார். வாசித்து முடித்ததும், சிங்க்கில் ஊற்றிய இடத்தைக் காட்டி, "இதைச் சனத்துக்குச் சொல்லப்போறியோ? பேந்து நான் கோயிலுக்கு எப்பிடிப் போறது?" என்றார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கால்களைப் பொயிலர் சூட்டில் நீட்டி வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியைக் கொஞ்சம் கூட்டிவிடச் சொன்னார். நீங்கள் திருத்திய பொயிலர், அத்தான். இன்றைக்கும் ஒரு சத்தம் இல்லாமல் ஓடுகிறது. அம்மா மாறுவார் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஓர் இளநீர்ப் பொய் போதும்.

கடதாசிக் கப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று எழுதலாம் என்று நினைத்தேன். அதில் என்ன வீரம் இருக்கிறது? நீங்கள் வராத வீட்டில் அந்தக் கப்புகளுக்கு வேலையே இல்லை.

முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அன்று விடிய எழும்பினதிலிருந்து எனக்குத் தேத்தண்ணி இல்லை, பச்சைத் தண்ணீர்கூட இல்லை. அப்படியே குட்மேய்ஸிலிருந்து பிளேஸ்டோவுக்கு வந்து, சனம் பார்க்க, உங்கள் வாசலில் நிற்பேன். நீங்கள் பூட்டிய குழாயில், நீங்கள் குடித்த தம்ளரில் அக்கா பிடித்துத் தந்தால் குடிப்பேன். தராவிட்டால் நிற்பேன். எங்கள் கிணறு வற்றும்வரை நீங்கள் நின்றீர்கள்தானே, அவ்வளவு நேரமாவது நிற்பேன்.

இந்தமுறை நான் எங்கேயும் குடித்துவிட்டு வரமாட்டேன், அத்தான்.

உங்கள் மச்சான்,
ரூபன்